மயக்க மருந்தின்போது மூச்சு நின்றால்: குடும்பத்தார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சு தடைப்பட்டு ஒருவரை இழந்த குடும்பங்களும், நினைவு திரும்பாத ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்களும் வழக்குத் தொடுப்பது பற்றி விசாரிக்க வரும்போது, ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் நடக்கும் சிகிச்சைகளையும் இந்தியச் சட்டத்தையும் மனத்தில் கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மூச்சு நின்ற அந்தச் சில நிமிடங்களில் யார் எதைப் பார்த்தார்கள், என்ன செய்தார்கள், அதை எங்கே எழுதினார்கள் என்பதைச் சுற்றியே பெரும்பாலான பதில்கள் அமையும்.

"சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். அதற்குப் போய் எப்படி மூச்சு நிற்கும்?"

அறுவைச் சிகிச்சை சிறியதாக இருக்கலாம். முழு மயக்கம் ஒருபோதும் சிறிய காரியமாகாது. அதற்குக் கொடுக்கப்படும் மருந்துகள் மூச்சுவிடத் தூண்டும் மூளைப் பகுதியை மந்தப்படுத்துகின்றன. நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து காற்று போகும் வழியை அடைத்துக்கொள்கின்றன. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்துவிட்டால் நோயாளியால் தானாக மூச்சுவிடவே இயலாது. அந்த நொடியிலிருந்து அவருக்காக மூச்சுவிடும் பொறுப்பை மயக்க மருந்து மருத்துவர் ஏற்றுக்கொள்கிறார்.

ஆக்சிஜன் அடியோடு நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களில் மூளையில் மீளாத சேதம் தொடங்கிவிடும். அதனால்தான் மயக்குவதற்கு முன் முகமூடி வழியாக முழு ஆக்சிஜனைச் சில நிமிடங்கள் கொடுத்து நுரையீரலை நிரப்பி வைக்கிறார்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு அது சில நிமிட அவகாசத்தைத் தரும். கர்ப்பிணிகள், உடல் பருத்தவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு அந்த அவகாசம் வெகுவாகக் குறைந்துவிடும்.

"மூச்சுத் திணறல் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்னென்ன வகை உண்டு?"

மூச்சுக்குழாயில் செருக வேண்டிய குழாயைச் செருக முடியாமல் போவது, அது உணவுக்குழாய்க்குள் போய்விடுவது, வயிற்றில் இருப்பது மேலெழும்பி நுரையீரலுக்குள் இறங்குவது, குரல்வளை இறுகி மூடிக்கொள்வது, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் சுருங்குவது, மருந்து ஒவ்வாமை ஆகியவை முக்கியமானவை. குரல்வளை இறுகுவது சளி பிடித்திருக்கும் குழந்தைகளுக்குக் கூடுதலாக நேரும். டான்சில் அறுவையில் மருத்துவர்கள் இதை எதிர்பார்த்தே இருப்பார்கள். சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் போடும் ஊசியிலும், மருந்து அளவுக்கு மேல் மேலே ஏறினால் மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும்.

அறுவை முடிந்த பிறகு நேர்வதையும் மறந்துவிடக் கூடாது. தசைத் தளர்ச்சி முழுவதும் நீங்காத நிலையிலோ, வலிக்குக் கொடுத்த ஓபியம் வகை மருந்தின் மந்தத்திலோ, வார்டுக்கு மாற்றப்பட்ட நோயாளி யாரும் கவனிக்காத நேரத்தில் மூச்சு நின்று போவதுண்டு. "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வெளியே வந்த பிறகுதான் இப்படி ஆயிற்று" என்று சொல்லும் குடும்பங்கள், மயக்கம் தெளியும் அறையில் யார் இருந்தார்கள், எந்தக் கருவி பொருத்தப்பட்டிருந்தது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

"குழாய் தவறான இடத்துக்குப் போய்விட்டதாக ஒரு நர்ஸ் காதோடு காதாகச் சொன்னார். அது நடக்கக்கூடியதா?"

நடக்கக்கூடியதே. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அருகருகே இருப்பவை. அனுபவம் மிக்கவர் கையிலும் குழாய் சில நேரங்களில் உணவுக்குழாய்க்குள் போய்விடும். உடனே தெரிந்துகொண்டு எடுத்துவிட்டு மீண்டும் செருகினால் நோயாளிக்குப் பாதிப்பு ஏற்படாது. தெரிந்துகொள்ளாமல் விடுவதில்தான் ஆபத்து.

தெரிந்துகொள்ள நம்பகமான வழி, வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளந்து திரையில் அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் கருவி. குழாய் சரியான இடத்தில் இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் மேடு போன்ற ஓர் அலை எழும். உணவுக்குழாயில் இருந்தால் ஓரிரு சிறு அலைகளுக்குப் பின் கோடு தட்டையாகிவிடும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலி ஏமாற்றக்கூடியது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும், முன்பே நிரப்பிய ஆக்சிஜனால், சில நிமிடங்கள் வரை நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எனவே அந்தத் தியேட்டரில் கேப்னோகிராஃப் இருந்ததா, இணைக்கப்பட்டிருந்ததா என்பதே இத்தகைய வழக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்காவில் மயக்க மருந்து தொடர்பாக முடிந்துபோன 1,541 இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து 1990-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மூச்சுச் சிக்கலே காரணம் என்று தெரியவந்தது. அவற்றில் 85 சதவீதம் மரணத்திலோ மூளைச் சேதத்திலோ முடிந்திருந்தன. போதிய காற்றோட்டம் கொடுக்காமை, குழாய் உணவுக்குழாயில் போனமை, குழாய் செருகுவதில் சிரமம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த மூச்சுச் சிக்கல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு.

"சிக்கல் வந்தது என்றாலே டாக்டர் தவறு செய்தார் என்றுதானே பொருள்?"

இல்லை. இதை மனத்தில் பதித்துக்கொள்ளாமல் வழக்குத் தொடுப்பவர்கள் பல ஆண்டுகளையும் பணத்தையும் இழக்கிறார்கள். இங்கிலாந்தில் 1957-இல் போலம் வழக்கில் வகுக்கப்பட்டு, நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உறுதி செய்த அளவுகோல் இதுதான்: அதே துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு மருத்துவர், அதே சூழலில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா? மிகச் சிறந்த நிபுணருக்கு உள்ள திறமையைச் சட்டம் எல்லாரிடமும் எதிர்பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம் இதைத் தெளிவாக்கும். 2005-இல் இங்கிலாந்தில் சைனஸ் அறுவைக்காகச் சென்ற, இரு குழந்தைகளின் தாயான ஓர் இளம் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்த பின் மூச்சுக்குழாயில் குழாயைச் செருக முடியவில்லை. ஆக்சிஜன் அளவு 40 சதவீதத்துக்குச் சரிந்தது. ஒரு செவிலியர் கழுத்தில் துளையிட்டுக் காற்று செலுத்தும் கருவிகளைக் கொண்டுவந்து தயார் என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லி வைத்தார். அனுபவம் மிக்க மருத்துவர்களோ குழாயைச் செருகும் முயற்சியையே தொடர்ந்துகொண்டிருந்தார்கள். 13 நாட்களுக்குப் பின் அவர் இறந்தார். விமானியான அவருடைய கணவர், விமான விபத்துகளை ஆராய்வதுபோல் இதையும் ஆராய வேண்டும் என்று வலியுறுத்தினார். இன்று உலகெங்கும் மயக்கவியல் மாணவர்களுக்கு இந்நிகழ்வு பாடமாக இருக்கிறது.

குழாய் செருக முடியாமல் போனது சிக்கல்; அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அடுத்த படிக்குப் போகாமல் நின்றதே கேள்விக்குரியது. இந்தியாவிலும் கடினமான மூச்சுவழிக்கான அகில இந்தியச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குழாய் செருகும் முயற்சி மூன்றைத் தாண்டக் கூடாது என்றும், மற்ற வழிகளும் பலிக்காவிட்டால் கழுத்தின் முன்புறம் துளையிட்டாவது ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்றும் படிப்படியாகச் சொல்கின்றன. உங்கள் வழக்கறிஞர் இந்தப் படிகளையும் கேஸ் ஷீட்டில் உள்ள நேரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். 'உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் பொறுப்பில்லை' என்று அதில் இருந்ததே?"

அந்த வரி வழக்கைத் தடுக்காது. நீங்கள் ஒப்புக்கொண்டது முறையாகச் செய்யப்படும் சிகிச்சையில் தவிர்க்க இயலாமல் நேரக்கூடிய ஆபத்துகளை, கவனக்குறைவை அல்ல. மேலும், 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிப் பெற்றதே ஒப்புதல் என்று தீர்ப்பளித்தது. மயக்க மருந்துக்கெனத் தனி ஒப்புதல் படிவம் இருந்ததா, அதில் ஆபத்துகள் தமிழில் விளக்கப்பட்டிருந்தனவா, தியேட்டர் வாசலில் அவசரமாக நீட்டப்பட்டதா என்பதையும் குறித்து வையுங்கள்.

"காலையில் இட்லி சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிட்டோம். இனி எங்களால் எதுவும் செய்ய முடியாதா?"

திட்டமிட்ட அறுவைக்கு முன் தெளிந்த நீரை 2 மணி நேரமும், தாய்ப்பாலை 4 மணி நேரமும், இலகுவான உணவை 6 மணி நேரமும் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான நடைமுறை; எண்ணெய், கொழுப்பு மிகுந்த உணவானால் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்கினால் அது நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து இருக்கிறது. நேரடியாகக் கேட்டும் நீங்கள் மறைத்திருந்தால், அது மருத்துவமனையின் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

ஆனாலும் கதவு மூடிவிடுவதில்லை. சாப்பிட்டாரா என்று யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், அது எழுதப்பட்டதா? உணவு மேலெழும்பியபோது உறிஞ்சும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா? அவசர அறுவையாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்றே கருதி, அதற்குரிய முறையில் மயக்கியிருக்க வேண்டும். இந்த விவரத்தை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்; எதிர்த்தரப்பு அதை எப்படியும் எடுத்து வைக்கும்.

"எந்தெந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்? தர மறுத்தால்?"

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முன் மயக்கப் பரிசோதனைத் தாள், மயக்கப் பதிவேடு, தியேட்டர் குறிப்புகள், மயக்கம் தெளியும் அறையின் குறிப்புகள், செவிலியர் பதிவுகள், மருந்து ரசீதுகள், தீவிர சிகிச்சைப் பிரிவின் முதல் நாள் குறிப்பு, ரத்த வாயுப் பரிசோதனை முடிவுகள் ஆகிய எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் அந்த மறுப்பே உங்கள் தரப்புக்கு ஒரு சான்றாகும். அரசு மருத்துவமனையானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழும் கேட்கலாம்.

இவற்றில் மயக்கப் பதிவேடுதான் உயிர்நாடி. ஒரே தாளில் மேலே மருந்துகளும் அளவுகளும், நடுவில் கட்டம் போட்ட பகுதியில் பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவையும், கீழே நடந்தவற்றின் குறிப்பும் இருக்கும். குழாய் எத்தனை முயற்சியில் செருகப்பட்டது, கரியமில வாயு அளவுக்கு வரிசை இருக்கிறதா, அது நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன் பரிசோதனைத் தாளில் "மல்லம்பட்டி" என்ற பெயருக்கு எதிரே 1 முதல் 4 வரை ஓர் எண் இருக்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, தொண்டையின் உட்புறம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் எளிய சோதனை அது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-இல் விவரித்தது. 4 என்று எழுதிவிட்டு, அதற்கு எந்த முன்னேற்பாடும் செய்யாமல் மயக்கியிருந்தால் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்.

"சார்ட்டில் ஆக்சிஜன் தொடக்கம் முதல் கடைசி வரை 99 என்றே இருக்கிறது. ஆனால் அவர் கோமாவுக்குப் போய்விட்டார். இது எப்படி?"

மிகக் கூர்மையான கேள்வி இது. இதயம் நின்றாலும், ரத்த அழுத்தம் நெடுநேரம் தாழ்ந்திருந்தாலும் மூளை பாதிக்கப்படலாம் என்பதால், எண் பொய்யென்று உடனே முடிவுகட்ட முடியாது. ஆனால் இதயத்தை அழுத்தி உயிர்ப்பித்த நேரத்திலும் 99 என்று எழுதப்பட்டிருந்தால், அந்த வரிசை பின்னர் உட்கார்ந்து நிரப்பப்பட்டதோ என்று ஐயுற இடமிருக்கிறது.

கையால் எழுதிய தாளோடு மற்றவற்றை ஒப்பிடுங்கள். அட்ரினலின் ஊசி கொடுத்த நேரம் செவிலியர் குறிப்பில் என்ன? ரத்த வாயுப் பரிசோதனையில் அச்சாகியிருக்கும் நேரம் என்ன? வேறு மருத்துவமனைக்கு மாற்றியபோது அங்கே எழுதப்பட்ட முதல் குறிப்பில் "இத்தனை நிமிடம் இதயம் நின்றிருந்தது" என்று இருக்கிறதா? பல மானிட்டர்கள் பழைய அளவீடுகளைத் தம் நினைவகத்தில் வைத்திருக்கும். ஆனால் புதிய நோயாளிகளின் பதிவுகள் சேரச் சேர அவை அழிந்துபோகும். ஆகவே அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்குமாறு முதல் நாளே எழுத்தில் கேட்பது நல்லது.

"துக்கத்தில் இருக்கிறோம். பிரேதப் பரிசோதனை அவசியம்தானா?"

மரணத்தின் காரணத்தில் ஐயம் இருந்தால் அவசியம். தகனம் செய்துவிட்டால் அந்தச் சான்று திரும்ப வராது. காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது) 194-ஆம் பிரிவின்படி விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடக்கும். அரசு மருத்துவக் கல்லூரியில் செய்யுமாறும், வீடியோ பதிவு செய்யுமாறும் கோரலாம். நுரையீரலில் உணவுத் துகள் இருந்ததா, ஒவ்வாமைக்கு அறிகுறி உண்டா என்பன போன்றவை அதில் வெளிவரக்கூடும். குழாய் எங்கே இருந்தது என்பதைப் பரிசோதனையில் அறிய வேண்டுமானால், உடலில் இருந்த குழாய்களை அகற்றாமல் அனுப்பியிருக்க வேண்டும்.

"போலீஸில் புகார் கொடுத்தால் டாக்டரைக் கைது செய்வார்களா?"

வழக்கமாகச் செய்ய மாட்டார்கள். செய்யவும் கூடாது என்பதே சட்டம். மேலே சொன்ன ஜேக்கப் மேத்யூ வழக்கின் பின்னணி இந்தப் பக்கத்தின் பொருளோடு நேரடித் தொடர்புடையது. 1995-இல் லூதியானாவில் மருத்துவமனையில் இருந்த ஒரு முதியவருக்கு இரவில் மூச்சுத் திணறியது. தாமதமாக வந்த மருத்துவர்கள் இணைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. மகன் பக்கத்து அறைக்கு ஓடி வேறு சிலிண்டரைக் கொண்டுவந்தார். அதை இயக்குவதற்குள் உயிர் பிரிந்தது. சிலிண்டர் இல்லாததற்கு மருத்துவமனை உரிமையியல் முறையில் பொறுப்பாகலாம். மருத்துவர்கள்மீது குற்ற வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

குற்ற வழக்குக்கு மிக மோசமான, அப்பட்டமான அலட்சியம் வேண்டும் என்றும், புலனாய்வு அதிகாரி நடவடிக்கைக்கு முன் நடுநிலையான மருத்துவர் ஒருவரின், கூடுமானவரை அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, சிகிச்சை செய்யும்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்த பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். கோபத்தில் குற்ற வழக்கையே முதன்மையாக நம்பியிருப்பது, பெரும்பாலும் குடும்பத்துக்குப் பயன் தராது என்பது என் கருத்து.

"அப்படியானால் எங்கே போவது? பெரிய தொகை கேட்பதால் டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்கிறார்களே?"

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையமே பெரும்பாலானோர் செல்லும் இடம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, மருத்துவமனைக்குச் செலுத்திய கட்டணமே தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை செலுத்தியிருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். 80,000 ரூபாய் கட்டிய குடும்பம் ஒரு கோடி கேட்டாலும் தன் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது.

மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கழகத்திடம் தனியே புகார் தரலாம். மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பண இழப்பீடு தரும் அதிகாரம் கிடையாது.

"அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்தார்கள். எங்களுக்கு உரிமையே இல்லையா?"

எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே என்பது வி.பி.சாந்தா தீர்ப்பு. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமானால், இலவச நோயாளியும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தைச் செலுத்தினால் அதுவும் கட்டண சேவையே என்று அதே தீர்ப்பு சொல்வதால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களும் அந்த வாதத்தை முன்வைக்க இடமுண்டு. மற்றவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ, ரிட் மனுவுடன் சென்னை உயர் நீதிமன்றத்தையோ அதன் மதுரைக் கிளையையோ அணுகலாம்.

"மயக்க டாக்டர் வெளியிலிருந்து வந்துபோகிறவர், எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது மருத்துவமனை."

சிறு நகரங்களில் ஒரே மயக்க மருத்துவர் பல மருத்துவமனைகளுக்கு மாறி மாறிச் செல்வது வழக்கமே. நோயாளி நம்பி வந்தது மருத்துவமனையை. 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவர் நிரந்தரப் பணியாளரா ஒப்பந்தத்தில் வந்தவரா என்பதைக் காட்டி மருத்துவமனை தப்பிக்க இயலாது என்றும், முதற்கட்டச் சான்றை நோயாளி தரப்பு வைத்துவிட்டால் கவனக்குறைவு இல்லை என்று நிறுவும் பொறுப்பு மருத்துவமனைக்கு மாறும் என்றும் கூறியது. இருப்பினும் அந்த மருத்துவரின் பெயரை மயக்கப் பதிவேட்டில் கண்டறிந்து அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே நல்லது.

"இன்னொரு டாக்டர் எங்களுக்காகச் சாட்சி சொல்ல முன்வரமாட்டேன் என்கிறார்."

2010-இல் கிஷன் ராவ் வழக்கில், எல்லா மருத்துவ வழக்குகளுக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை, தவறு தானே பேசும் வழக்குகளும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. காலி சிலிண்டர், பொருத்தப்படாத மானிட்டர் போன்றவை அந்த வகையில் சேரும். ஆனால் எந்த மருந்து எந்த அளவில் என்பது போன்ற வழக்கில் நிபுணர் கருத்து இல்லாமல் வெல்வது கடினம். ஆணையமே ஒரு மருத்துவக் கல்லூரி மயக்கவியல் துறையிடம் கருத்துக் கேட்குமாறு மனுச் செய்யுங்கள்.

"எங்கள் வீட்டில் அத்தைக்கும் மயக்கம் தெளிய நெடுநேரமானது. இப்போது தம்பிக்கும் மூச்சு திரும்பத் தாமதமானது. இதற்கும் வழக்குக்கும் தொடர்பு உண்டா?"

உண்டு. தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். சில நிமிடங்களில் நீங்க வேண்டிய தளர்ச்சி அவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தினரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்தக் குடும்பத்திலும் இது இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

முன்பு யாருக்கும் தெரியாமல் இருந்து, தாமதமானவுடன் செயற்கை சுவாசத்தைத் தொடர்ந்து நோயாளியைக் காப்பாற்றியிருந்தால் அதில் கவனக்குறைவு இல்லை. அத்தைக்கு நேர்ந்ததை நீங்கள் சொல்லியும் முன் பரிசோதனைத் தாளில் எழுதாமல் விட்டு அதே மருந்தைக் கொடுத்திருந்தாலோ, தளர்ச்சி நீங்கும் முன்பே குழாயை எடுத்திருந்தாலோ நிலைமை வேறு. வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும், அந்த மருந்தின் பெயரை எழுதி வாங்கி, ரத்த உறவினர் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

"உயிரோடு இருக்கிறான், ஆனால் நினைவில்லை. யார் வழக்குப் போடுவது? இரண்டு வருடம் நெருங்கிவிட்டது."

நுகர்வோர் ஆணையத்தில் காலக்கெடு 2 ஆண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். எனினும் அதை நம்பி இருக்காமல், கைக்கு வந்த ஆவணங்களோடு இப்போதே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். குழந்தையானால் பெற்றோரும் நுகர்வோரே. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், செவிலியர் போட்ட ஊசியால் இதயம் நின்று மூளை சேதமடைந்த சிறுவனுக்கு 12.5 லட்சமும், பெற்றோரின் வேதனைக்கெனத் தனியாக 5 லட்சமும் வழங்கியதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2009-இல் பிரசாந்த் தனங்கா வழக்கில், அறுவைக்குப் பின் இரு கால்களும் செயலிழந்த இளைஞருக்கு 1 கோடி ரூபாய் அளித்தது. வாழ்நாள் முழுவதற்குமான செவிலியர் செலவு, உடலியக்கப் பயிற்சி, இழந்த வருமானம், பராமரிப்பவர் வேலையை விட்டதால் நேர்ந்த இழப்பு ஆகியவற்றுக்கு இப்போதிருந்தே ரசீது சேர்த்து வையுங்கள்.

"பில்லைத் தள்ளுபடி செய்து, மேலும் கொஞ்சம் பணமும் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்."

சமரசம் தவறில்லை, பல குடும்பங்களுக்கு அதுவே சீக்கிரம் கிடைக்கும் உதவி. ஆனால் மேலே பட்டியலிட்ட ஆவணங்கள் கைக்கு வரும் முன்பும், வாழ்நாள் செலவைக் கணக்கிடும் முன்பும் கையெழுத்திட வேண்டாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் அந்தத் தாளில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிப் படியுங்கள். மருத்துவமனை உடலை ஒப்படைக்க இந்தக் கையெழுத்தை நிபந்தனையாக வைத்தால் உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர் சிறுவராகவோ நினைவற்றவராகவோ இருந்து வழக்கும் நடந்துகொண்டிருந்தால், சமரசத்துக்கு ஆணையத்தின் அல்லது நீதிமன்றத்தின் முன் அனுமதியைப் பெற்று, அது அவருடைய சிகிச்சைக்கே போகும்படி வங்கியில் வைப்புத் தொகையாகப் போடுமாறு உத்தரவு கேளுங்கள்.